எல்லை தாண்டாத ஆண்டுகள்

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் இந்தியர்களும் இலங்கையரும் கூடுகிற இடங்களில், வந்து நான்கைந்து ஆண்டு ஆனவர்களிடையே ஒரு பேச்சு தவறாமல் எழும்: அடுத்து எங்கே? ஐன்ட்ஹோவனில் இருப்பவர் மியூனிக்கைப் பற்றி விசாரிப்பார். மியூனிக்கில் இருப்பவர் டப்ளினையோ சூரிச்சையோ விசாரிப்பார். சம்பளம், வாடகை, வெயில், வருமான வரி, மொழி என்று பேச்சு நீளும். நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோடுவார்கள். இந்த எடைபோடலில் பலர் கடைசியாகக் கவனிக்கும் ஒன்றை முதலில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து: இதுவரை வாழ்ந்து முடித்த ஆண்டுகளை அடுத்த நாடு ஏற்றுக்கொள்ளுமா?

ஜெர்மனியில் மூன்று ஆண்டும் பிறகு நெதர்லாந்தில் இரண்டு ஆண்டும் வேலை பார்த்த ஓர் இந்தியப் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் அரசு ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 60 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். இவர் கட்டியது 36 மாதம்தான். ஆனாலும் இவருக்கு உரிமை உண்டு. சமூகப் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் 2004-ஆம் ஆண்டின் 883-ஆம் எண் ஒழுங்குவிதி, ஓர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் கட்டிய காலத்தை இன்னொரு நாட்டில் கட்டியதோடு கூட்டச் சொல்கிறது. 2010-இல் வந்த இன்னொரு விதி, டென்மார்க் நீங்கலாக, அதே சலுகையை ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் விரித்தது. ஆக, ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை இவர் ஐரோப்பாவில் ஐந்து ஆண்டு உழைத்தவர். இதே மனிதர் நெதர்லாந்துக் குடியுரிமைக்கு மனுப்போடப் போனால் அங்கே ஐந்து ஆண்டுத் தொடர் வசிப்பு கேட்பார்கள். ஜெர்மனியில் கழித்த மூன்று ஆண்டுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அவர் இரண்டு ஆண்டுக்காரர். உழைப்பின் மாதங்கள் எல்லை தாண்டுகின்றன, வாழ்வின் ஆண்டுகள் தாண்டுவதில்லை. குடியுரிமை ஒவ்வொரு நாட்டின் தனி அதிகாரம் என்பதால் இப்படி. சட்டப்படி இது சரி. ஒருவரின் உழைப்பை ஐரோப்பாவுக்குச் செய்ததாக எண்ணி, அவரது வாழ்வை மட்டும் ஒரே நாட்டுக்குள் அடைத்து எண்ணுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஐரோப்பாவைப் பற்றி நாம் வைத்திருக்கும் படமும் ஒரு காரணம். 1957 ரோம் உடன்படிக்கை உறுப்பு நாடுகளின் தொழிலாளர்களுக்குக் கட்டற்ற நடமாட்டத்தை வாக்களித்தது. 1985-இல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில், மொசெல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், ஐந்து நாடுகள் எல்லைச் சோதனையை விலக்க ஒப்பமிட்டன. 1992 மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை ஒன்றியக் குடியுரிமை என்ற ஒன்றை உருவாக்கியது. மூன்றும் ஒரே சுதந்திரம்போலத் தோன்றுகின்றன. எல்லைச் சோதனை இல்லாத பயணம் ஷெங்கன் நாடு ஒன்றின் வசிப்பு அனுமதி உள்ள எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் அது 180 நாளில் 90 நாள் தங்கிச் சுற்றிப் பார்ப்பதற்கான உரிமை மட்டுமே. விரும்பிய நாட்டில் வீடெடுத்து வேலை பார்க்கும் உரிமை ஒன்றியக் குடிமக்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உரியது. சனிக்கிழமை ரயிலேறி மூன்று நாடு தாண்டிப் போய் வருகிறவர், திங்கட்கிழமை அவற்றில் ஒன்றில் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் அந்த நாட்டின் அனுமதி வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும்.

உரிமை முழுதாக உள்ளவர்களுக்கும் எல்லாம் எளிது என்று நினைக்க வேண்டாம். ஏட்ரியன் ஃபாவெல் என்ற சமூகவியலாளர் ஆம்ஸ்டர்டாம், லண்டன், பிரஸ்ஸல்ஸ் நகரங்களில் குடியேறிய ஐரோப்பிய வல்லுநர்களை நேர்கண்டு 2008-இல் ஒரு நூல் வெளியிட்டார். சட்டம் எந்தத் தடையும் போடாத அந்த இளைஞர்கள்கூட வீடு பிடிப்பதிலும் பிள்ளை வளர்ப்பதிலும் உள்ளூர் நட்பு வட்டங்களுக்குள் நுழைவதிலும் கண்ணுக்குத் தெரியாத சுவர்களில் முட்டிக்கொண்டதை அவர் விரிவாகக் காட்டினார். அவர்களுக்கே அப்படியென்றால், அனுமதிச் சீட்டின் காலாவதித் தேதியையும் சேர்த்துச் சுமப்பவர்களின் நிலை சொல்லாமலே விளங்கும்.

ஆண்டுகளை ஓரளவு எல்லை தாண்டவைக்கும் முயற்சி ஒன்று உண்டு: ப்ளூ கார்டு. 2009-இல் தொடங்கிய இத்திட்டத்தை 2021-இல் திருத்தினார்கள். டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் இல்லை. திருத்திய விதிப்படி முதல் நாட்டில் 12 மாதம் வேலை பார்த்தவர் எளிய நடைமுறையில் இரண்டாம் நாட்டுக்கு மாறலாம். வெவ்வேறு நாடுகளில் கழித்த காலத்தைக் கூட்டி ஐந்து ஆண்டு காட்டி, 'ஒன்றிய நீண்டகால வசிப்பாளர்' என்ற தகுதியைக் கேட்கலாம். மனுப்போடும் நாட்டில் கடைசி இரண்டு ஆண்டு இருந்திருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் வழங்கப்படும் ப்ளூ கார்டுகளில் பெரும்பகுதியை ஜெர்மனி ஒன்றே வழங்குகிறது; பெறுகிறவர்களில் இந்தியர்களே மிகப் பெரிய கூட்டம். நெதர்லாந்து போன்ற நாடுகள் தங்கள் சொந்த வல்லுநர் அனுமதியையே அதிகம் கொடுக்கின்றன.

இங்கே நம்மவர்கள் சறுக்கும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். 'பிஆர் வாங்கியாச்சு' என்று எல்லோரும் ஒரே சொல்லால் சொல்கிறார்கள். உண்மையில் அது இருவகை. ஜெர்மனியில் ப்ளூ கார்டு வைத்திருப்பவர் 27 மாதத்தில், ஜெர்மன் மொழியை பி1 நிலைக்குக் கற்றிருந்தால் 21 மாதத்திலேயே, அந்நாட்டின் நிரந்தர வசிப்புரிமை பெறலாம். விரைவாகக் கிடைக்கும் அந்த அட்டை ஜெர்மனிக்குள் மட்டுமே செல்லும். ஒன்றிய நீண்டகால வசிப்பாளர் அட்டைக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் அதைக் கையில் வைத்து வேறொரு ஒன்றிய நாட்டில் வசிப்பு அனுமதி கேட்க வழியுண்டு. அடுத்து எங்கே என்று யோசிக்கிறவருக்குத் தேவை இரண்டாவது அட்டை. பலர் முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதைப் பற்றி விசாரிப்பதே இல்லை.

ஒரு நாட்டில் வேர்விட்டவர்கள் அங்கேயே இருப்பார்கள் என்று எல்லா அரசுகளும் நம்புகின்றன. அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியவர்களில் ஈழத்தமிழர்களும் உண்டு.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்த தமிழர் எதிர்ப்பு வன்முறைக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வந்தவர்களில் பலர் நாட்டைத் தேர்ந்து வரவில்லை. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போக முடிந்ததால் மேற்கு ஜெர்மனிக்கு வந்தார்கள். 1980-களின் நடுவில் அந்த வழி அடைபட்டது. முகவர் எங்கே கொண்டுபோய் விட்டாரோ, எந்த நாட்டில் பிடிபட்டார்களோ அதுவே அவர்களின் நாடாயிற்று. டென்மார்க்கும் நெதர்லாந்தும் அகதிகளைச் சிற்றூர்களில் பிரித்துக் குடியமர்த்தின. டென்மார்க்கில் நடந்தது இன்னும் கடுமை. 1987-இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவி மக்களை வரவழைக்கும் மனுக்களைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கிடப்பில் போடவைத்தார். 'தமிழர் வழக்கு' என்று டேனிஷ் வரலாற்றில் நிலைத்துவிட்ட அந்த விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995-இல் அமைச்சருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டதாக, விதிக்கப்பட்டது. ஒரு சிறிய அகதிக் கூட்டத்தின் பிரிந்த குடும்பங்களுக்காக ஓர் ஐரோப்பிய அரசு கவிழ்ந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்லவில்லை.

ஆண்டுகள் ஓடின. 2000-இல் ஜெர்மனி தன் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 15 ஆண்டுக் காத்திருப்பை எட்டாகக் குறைத்தது. ஜெர்மன், டச்சு, டேனிஷ் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. வந்ததும் கணிசமான குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு லண்டனுக்கும் அதைச் சுற்றிய ஊர்களுக்கும் போயின. ஆக்ஸ்ஃபோர்டின் குடிபெயர்வு ஆய்வு மையமான கம்பாஸுக்காக ஆன்னா லிண்ட்லியும் நிக்கலஸ் வான் ஹியரும் 2007-இல் எழுதிய ஆய்வறிக்கை, ஒன்றியக் குடிமக்களாகிவிட்ட முன்னாள் அகதிகளின் இந்த இரண்டாம் பெயர்வை ஆராய்ந்தது. சோமாலியரும் இலங்கைத் தமிழரும் அதில் முக்கிய இடம் பெற்றார்கள். நெதர்லாந்துச் சோமாலியர் லெஸ்டர் நகருக்குத் திரண்டு போனது பின்னர் தனி ஆய்வுகளுக்கே பொருளானது.

ஏன் போனார்கள்? பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்பது முதற்காரணம். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கொழும்பிலும் இருக்கும் உறவினரோடு பொதுவான மொழி அது ஒன்றுதான். ஜெர்மன் மொழியில் படித்த பிள்ளைக்கு டொரொண்டோவில் உள்ள ஒன்றுவிட்ட சகோதரனோடு பேச வாய் வராது என்ற கவலை உண்மையானது. கடை போடவும் சிறு தொழில் தொடங்கவும் லண்டனில் கெடுபிடி குறைவு. யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்தவர் ஜெர்மன் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவியே பதினைந்து ஆண்டு போக்கியிருந்தால், தன் ஆங்கிலத்துக்கு மதிப்பிருக்கும் ஊரைத் தேடாமல் இருப்பாரா? கூட்டமாக வாழும் ஆசையும் உண்டு: கோயில், தமிழ்ப் பள்ளி, கலியாணம் பேச நாலு பேர். தூவி விதைத்த அரசுகளின் கொள்கைக்கு அந்த மக்கள் கொடுத்த பதிலாகவும் இதைக் காண்கிறேன்.

எல்லோரும் போய்விடவில்லை. ஜெர்மனியின் ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயிலின் தேருக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் திரளும் கூட்டம் அங்கேயே நிலைத்தவர்களின் சாட்சி. ஆனாலும் அரசுகள் எதிர்பாராத ஓர் உண்மை வெளிப்பட்டது: குடியுரிமை, தங்குவதற்கான முத்திரையாகக் கொடுக்கப்பட்டு, கிளம்புவதற்கான அனுமதியாகப் பயன்பட்டது. கோவாவில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. 1961-க்கு முன் போர்த்துகீசிய ஆட்சியில் பிறந்தவர்களின் வழிவந்தோர், போர்த்துகீசியக் கடவுச்சீட்டைப் பெற்று, போர்த்துகலில் வாழாமலே இங்கிலாந்தின் ஸ்விண்டனில் குடியேறினார்கள். 2020 டிசம்பர் 31-உடன் பிரெக்ஸிட் இந்த வழியை மூடியது. அதற்கு முன் பிரிட்டனில் வசிக்கத் தொடங்கியவர்கள் தப்பினார்கள். அதன் பிறகு பாரிஸிலோ பெர்லினிலோ குடியுரிமை பெறும் தமிழருக்கு லண்டன் ஒரு வெளிநாடு; சம்பள வரம்பும் விசாக் கட்டணமும் கேட்கும் வெளிநாடு.

புலமையாளர்கள் இப்படிப்பட்ட பயணத்துக்குப் பழைய வேர் காட்டுவார்கள். ராவன்ஸ்டைன் 1885-இலேயே மக்கள் ஒரே தாவலில் பெருநகரத்துக்குப் போவதில்லை, படிப்படியாக நகர்கிறார்கள் என்று எழுதினார். அஞ்சு மேரி பால், பிலிப்பைன்ஸ் வீட்டுப் பணியாளர்கள் ஹாங்காங், சிங்கப்பூர் என்று ஏறி, கனடாவை எட்டத் திட்டமிடுவதை 2011-இல் ஆராய்ந்தார். ஒவ்வொரு படியிலும் பணமும் அனுபவமும் சேர்த்து அடுத்த படிக்குத் தகுதி பெறுகிறார்கள். இன்றைய மென்பொருள் பொறியாளருக்கும் இது பொருந்தும், ஒரு வேறுபாட்டுடன். ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளருக்கு நிரந்தர உரிமையே கிடையாது, ஆகவே கிளம்புவதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் கிளம்புகிறவர் இழப்பது பாதி முடிந்த ஒரு கணக்கை.

அந்தக் கணக்கோ ஓடும்போதே மாறுகிறது. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் குடியுரிமைக்கான எட்டு ஆண்டை ஐந்தாக்கியது. சிறப்பாக ஒன்றிப்போனவர்களுக்கு மூன்று ஆண்டு என்றொரு விரைவு வழியையும் திறந்து, 2025 அக்டோபரில் அதை மூடியது. பின்லாந்து 2024 அக்டோபரில் ஐந்தை எட்டாக்கியது. இத்தாலியில் பத்தை ஐந்தாக்க 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு, வேண்டிய அளவு மக்கள் வாக்களிக்க வராததால் தோற்றது. போர்த்துகலின் ஐந்து ஆண்டை நம்பி லிஸ்பனுக்குப் போனவர்கள் ஏராளம். 2025 அக்டோபரில் அந்நாட்டு நாடாளுமன்றம் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு அதைப் பத்தாக உயர்த்தும் சட்டத்தை நிறைவேற்ற, டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சில பிரிவுகள் செல்லாது என்று திருப்பியது. ஸ்பெயினில் நமக்குப் பத்து, அதன் பழைய குடியேற்ற நாடுகளான இலத்தீன் அமெரிக்காவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வருவோருக்கு இரண்டு. குடியுரிமை விரைவில் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாட்டைத் தேர்வது ஆபத்து என்பதற்கு இவை போதும்.

இந்தியர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வலி. ஜெர்மனி 2024-இல் இரட்டைக் குடியுரிமையை அனுமதித்ததைத் துருக்கியர் கொண்டாடினார்கள். இந்தியருக்கு அதனால் மாற்றம் ஏதுமில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக ஏற்பவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது என்று அரசியலமைப்பின் 9-ஆம் உறுப்பும் 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் சொல்கின்றன. இந்திய வம்சாவளியினருக்கு வழங்கும் ஓசிஐ அட்டை விசா இல்லாமல் வந்து தங்க விடும். வாக்களிக்க விடாது, விவசாய நிலம் வாங்க விடாது. இலங்கையில் விண்ணப்பித்துப் பழைய குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. சொந்த ஊர்த் தேர்தலில் வாக்கு என்பதைச் சிலர் எளிதாக விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அதற்காகவே பத்து ஆண்டு பிஆருடன் நிற்கிறார்கள். இரண்டாம் வகையினரை விவரம் அறியாதவர்கள் என்று பேசுவது தவறு.

வரிச் சலுகை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது தகுதிக்கு மீறிய கவனத்தைப் பெறுகிறது. நெதர்லாந்தின் '30 சதவீத ரூலிங்' சம்பளத்தில் 30 விழுக்காட்டை வரியில்லாமல் பெற விடுகிறது. எட்டு ஆண்டாக இருந்த இது 2019-இல் ஐந்தானது; 2027 முதல் விழுக்காடு 27 ஆகிறது. கால்பந்து வீரர் பெக்காமின் பெயரால் வழங்கும் ஸ்பெயின் சலுகைக்கு ஆறு வரியாண்டு ஆயுள். போர்த்துகல் 2009-இல் தொடங்கிய சலுகையைப் புதியவர்களுக்கு 2024-இல் மூடிவிட்டது. ஐந்தாம் ஆண்டின் முடிவில் கையில் வரும் சம்பளம் திடீரென்று சுருங்கும்போது, பலர் அந்த அதிர்ச்சியிலேயே நாடு மாறுகிறார்கள். நெதர்லாந்தில் அதே ஐந்தாம் ஆண்டில்தான் குடியுரிமைக்கான தகுதியும் கனிகிறது. சலுகை முடிந்த மாதத்தில் எடுக்கும் முடிவை ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வேன்.

ஆறப்போட முடியாதது பிள்ளையின் வயது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், ஏறக்குறைய பத்து வயதில், பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் கிம்னாசியத்துக்கா வேறு வகைப் பள்ளிக்கா என்று பிரிப்பார்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்கிலும் ஆறாம் வகுப்புக்குப் பிறகு. நெதர்லாந்தில் பன்னிரண்டு வயதில் ஆசிரியர் பரிந்துரையும் ஒரு தேர்வும் பாதையை வகுக்கின்றன. டென்மார்க்கிலும் பின்லாந்திலும் பதினாறு வயதுவரை எல்லோருக்கும் ஒரே பள்ளி. ஒன்பது வயதுப் பிள்ளையை ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு அழைத்துப்போனால், டச்சில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை ஒரே ஆண்டில் ஜெர்மன் கற்று, அந்த மொழியிலேயே தன் எதிர்காலத்துக்கான மதிப்பெண் வாங்க வேண்டும். பாதை பின்னால் மாறலாம், மாறியவர்கள் உண்டு. என்றாலும் தன் அறிவைப் பற்றி அந்தப் பிள்ளை பத்து வயதில் கேட்கும் தீர்ப்பு நெடுநாள் உடனிருக்கும். பன்னாட்டுப் பள்ளி ஒரு வழி. நிறுவனம் கட்டணம் செலுத்தாவிட்டால் நடுத்தரச் சம்பளத்துக்கு எட்டாது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்குப் பிள்ளை எட்டு வயதாகுமுன் மாறுங்கள், இல்லையேல் ஆரம்பப் பள்ளியைத் தாண்டி நிலைப்படும்வரை மாறாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கடவுச்சீட்டு இரண்டு ஆண்டு தாமதமாக வந்தாலும் அது அதே கடவுச்சீட்டு. மொழி மாறி மாறி எதிலும் ஆழம் காணாத பிள்ளைக்கு அந்த இரண்டு ஆண்டைத் திருப்பித் தர எந்த அலுவலகமும் இல்லை. லண்டனுக்குப் போன ஈழத்தமிழ்க் குடும்பங்களில், பதின்ம வயதில் இடம்பெயர்க்கப்பட்ட மூத்த பிள்ளை தடுமாறியதும் இளைய பிள்ளை எளிதில் ஒட்டிக்கொண்டதும் பல வீடுகளில் பேசப்படும் கதை.

பெற்றோர் வயதாகும்போது இந்தக் கணக்கு முழுவதும் மறுபடி கலைகிறது. ஐரோப்பிய நாடுகள் கணவன், மனைவி, பிள்ளைகளைக் குடும்பம் என்கின்றன. தாய் தந்தையரைப் பெரும்பாலும் அப்படிப் பார்ப்பதில்லை. பிரிட்டன் 2012 ஜூலையில் முதிய உறவினரை வரவழைக்கும் விதியை ஏறக்குறைய யாருமே கடக்க முடியாதபடி இறுக்கியது. ஜெர்மனி மாறாக, 2024 மார்ச் 1 அன்றோ அதன் பின்னரோ முதன்முதலாக அனுமதி பெறும் வல்லுநர்கள் தம் பெற்றோரையும், சில நிபந்தனைகளுடன் மாமனார் மாமியாரையும், அழைத்துக்கொள்ள வழி திறந்தது. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும். அந்தச் செலவுதான் உண்மையான கதவு. அதற்கு முன்னரே வந்து, ஆண்டுக்கணக்கில் வரி கட்டியவர்களுக்கு அந்த வழி இல்லை என்பது அவர்களைப் புண்படுத்தியிருக்கிறது. புண்பட அவர்களுக்கு உரிமை உண்டு.

பிள்ளையே ஐரோப்பாவிலிருந்து ஊருக்குத் திரும்பிப் பெற்றோரைப் பார்க்க நினைத்தால் பிஆரின் இருவகையும் மறுபடி முன்னே வரும். ஜெர்மனியின் நிரந்தர அட்டை பொதுவாக ஆறு மாதம் வெளியே இருந்தால் காலாவதியாகும்.  ஒன்றிய நீண்டகால அட்டை, பொதுவாக, தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் பறிபோகும். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் சில நாள் வந்து போனாலே போதும், தொடர்ச்சி அறுந்துவிடும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜனவரியில், ஆஸ்திரியாவில் வசித்த ஒரு கசகஸ்தானியரின் வழக்கில் தீர்ப்பளித்தது. மதுரையில் தாயைப் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கொருமுறை வியன்னா போய்வருகிறவரின் உரிமையை அந்தத் தீர்ப்பு காக்கிறது.

நாடு மாறுவதே பெற்றோரைக் கொண்டுவரும் வழியாவதும் உண்டு. 1980-களில் பிரிட்டிஷ் மனைவியுடன் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுப் பிரிட்டன் திரும்பிய சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில், 1992-இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு கோட்பாட்டை நிறுவியது: வேறொரு ஒன்றிய நாட்டில் வாழ்ந்து திரும்பும் குடிமகனின் குடும்பத்துக்கு, சொந்த நாட்டின் கடுமையான விதி அன்று, ஒன்றியத்தின் தாராள விதியே பொருந்தும். 2004-ஆம் ஆண்டின் நடமாட்ட நெறிமுறை, வேறு ஒன்றிய நாட்டில் குடியேறும் குடிமகன் தன்னைச் சார்ந்து வாழும் பெற்றோரையும் உடன் வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. ஆகவே ஜெர்மன் குடிமகனான ஒரு தமிழர் ஜெர்மனியிலேயே இருந்தால் தாயை அழைத்து வைத்துக்கொள்வது கடினம். எல்லை தாண்டி நெதர்லாந்தில் குடியேறினால் கேட்க உரிமை உண்டு. நிபந்தனை ஒன்றுதான் கறாரானது: சார்ந்து வாழ்ந்ததற்கான சான்று, பெற்றோர் ஊரில் இருந்த காலத்திலேயே இருக்க வேண்டும். அரசு ஓய்வூதியம் வாங்கும் தலைமையாசிரியரின் மகளால் அதைக் காட்டுவது அரிது. மாதாமாதம் மகன் அனுப்பும் பணத்தில் மருந்து வாங்கும் விவசாயத் தாயின் மகனால் காட்ட முடியும், அந்தப் பணத்தை ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பாமல் வங்கி வழியாகவே ஆண்டுக்கணக்கில் அனுப்பியிருந்தால்.